ஏழு பத்துக்கு வருகிறவர்

"எவ்வளவு வெயிட்டைத் தூக்கணும்?"

"தூக்க வேண்டாம். தள்ளினா போதும்."

"எதை?"

"கதவை."

"ஷட்டரா, கேட்டா?"

"சாதாரண மரக்கதவு. முழுசாக்கூட வேண்டாம். ஒரு ஆள் உள்ள வர்ற அளவுக்குத் திறந்தா போதும்."

"யாரு வரப்போறாங்க?"

"யாரும் வரமாட்டாங்க."

மோட்டார் கடைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, எதிரே நின்றவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். முப்பது வருடமாகப் பலவித ஆட்களுக்குப் பலவித மோட்டார்களை விற்றவர். பறவைக்குத் தீனி போட, பொம்மைக்குத் தலையாட்ட, சாமான் ஏற்ற என்று எத்தனையோ கேட்டிருக்கிறார். யாரும் வராத கதவைத் திறக்க ஒருவரும் கேட்டதில்லை.

"கியர் வெச்ச ஸ்டெப்பர் மோட்டார்தான் உங்களுக்குச் சரி. சொன்ன அடியை எண்ணி எண்ணி நடக்கும். சொன்ன இடத்துல நிக்கும். ஆனா எந்த கியர்னு நீங்கதான் முடிவு பண்ணணும். வேகம் வேணும்னா பலம் போயிடும். பலம் வேணும்னா வேகம் போயிடும். ரெண்டும் வேணும்னா சத்தம் வரும். மூணும் ஒழுங்கா அமைஞ்சது என் கடையில இல்ல. மனுஷங்கள்லயும் நான் பாத்ததில்ல."

வந்தவனுக்கு நாற்பத்தொரு வயது. இந்த வயதிலும் உலகத்தில் ஒரே ஒருத்திதான் அவனை உரிமையோடு கூப்பிடுகிறாள் என்பதால், அவள் கூப்பிடுகிறபடியே நாமும் அவனைத் தம்பி என்றே வைத்துக்கொள்ளலாம். நகரப் பேருந்துகளின் நேர அட்டவணை தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை. எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவான். அவன் வீட்டுக்கு எத்தனை மணிக்கு யார் வருவார்கள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. இரண்டு நாளைக்கு முன் அக்கா கேட்டாள்.

அக்கா வேறு ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அப்பா அம்மா போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். கடல் தாண்டி ஒரு பெரிய மருத்துவமனையில் இரண்டு வருட வேலை அவளைத் தேடி வந்திருந்தது. இப்படி வருவது மூன்றாவது முறை. முன்பு இரண்டு முறையும், "உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிடா போறது?" என்று வேண்டாம் என்றுவிட்டாள். மூன்றாவது முறையும் அதே வாக்கியம் போனில் வந்தபோது தம்பியால் தாங்க முடியவில்லை.

"நான் ஒண்ணும் தனியா இல்லக்கா. ரூமை ஷேர் பண்ண ஒருத்தர் வந்திருக்கார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது.

"யாருடா?"

"நல்லவர்."

"போனைக் குடு, பேசறேன்."

"ரொம்பக் கூச்ச சுபாவம்க்கா. போன், போட்டோ எதுக்கும் வரமாட்டார்."

"வேலை விட்டு எப்ப வருவார்?"

"ஏழு பத்துக்கு."

தொழில்புத்தி. நேரம் தானாக வாயில் வந்துவிட்டது.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, பேச வேண்டாம். அவர் கதவைத் திறக்கறதைக் காமி. அது போதும்."

அது வெறும் பேச்சு இல்லை. இருபது வருடமாக மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால், கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நிற்பவள். யார் எப்படிக் கதவைத் திறக்கிறார்கள் என்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். பயந்தவர்கள் இரண்டு விரலால் திறப்பார்கள். பொய் மருந்துச்சீட்டு கொண்டுவருபவர்கள் தேவைக்குமேல் அகலமாகத் திறப்பார்கள். நல்ல மனுஷன் தனக்கு வேண்டிய அளவு மட்டும் திறந்து, பின்னால் வருகிறவருக்காக ஒரு நொடி பிடித்துக்கொள்வான். மாதக் கடைசிக்குள் அவள் கையெழுத்துப் போடவேண்டும். தம்பியின் அறைக்கதவு எப்படித் திறக்கிறது என்பதில்தான் அந்தக் கையெழுத்து இருந்தது.

தம்பியின் அறை மாடியில். ஒரே நீள வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பின்பக்கம் துணி காயப்போட இருவருக்கும் பொதுவாக ஒரு வராந்தா. அதன் பல்பு எரிந்து எரிந்து என்றோ செத்துப்போயிருந்தது. பக்கத்து அறையில் ஒரு பேக்கரிக்காரர், அடுப்படி வேலை. இரண்டு வருடத்தில் அவரும் தம்பியும் பேசிக்கொண்டது மொத்தம் நான்கு வாக்கியம். அதில் மூன்று, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது. மற்றபடி பேக்கரிக்காரர் என்றால் தம்பிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும் செருப்புச் சத்தம், லேசாகக் கருகிய சர்க்கரை வாசனை, அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக்ஸ் தம்பியின் பொழுதுபோக்கு. பூந்தொட்டியை வெயிலின் பக்கம் திருப்ப ஒரு மோட்டார், புத்தகத்தின் பக்கம் புரட்ட ஒரு மோட்டார், காற்றே இல்லாதபோது ஜன்னல் திரையை ஆட்ட ஒரு மோட்டார். அறையில் அசைய வேறு யாரும் இல்லாததால், சாமான்களை அசையவைப்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் புத்தகம் புரட்டும் யந்திரம் சில சாயங்காலங்களில் யாரும் வாசிக்காமலே பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருக்கும். அவன் எதிரில் உட்கார்ந்து, வாசிப்பவருக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்பதுபோலச் சத்தமில்லாமல் டீ குடிப்பான்.

முதல் நாள் மோட்டார் வாங்க நேரமில்லை. திரைக்கம்பியைக் கால் கட்டைவிரலில் கட்டி, நாற்காலிக்கு அடியில் பின்னால் நீட்டிக் கதவைத் தள்ளினான். போனில் அவன் முதுகுக்குப் பின்னால் தெரிவது வராந்தாவுக்குப் போகிற பின்கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது. இரண்டு அங்குலம் திறந்தது. அதற்குள் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது.

"ஏன்டா மூஞ்சி கோணுது?" என்றாள் அக்கா.

"அவர் வந்துட்டார்க்கா, சந்தோஷம்."

மறுநாள்தான் கடைக்குப் போனான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது உள்ளங்கையில் அடங்கும் சின்ன வட்ட மோட்டார், அறுபத்துநாலுக்கு ஒன்று கியர். மோட்டார் உள்ளே அறுபத்துநாலு சுற்று சுற்றினால் வெளியே தண்டு ஒரு சுற்று. மெதுவாகத் தள்ளும், ஆனால் விடாது. நிலைப்படியில் அதைப் பொருத்தி, ஒரு அலுமினியப் பட்டையைக் கைபோல நீட்டிக் கதவில் கோத்தான். போனில் வீடியோ வந்தது. ஏழு பத்து. கதவு அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. திறந்தபாடில்லை.

அக்கா கண்ணை இடுக்கினாள். "யாருடா இது, கதவைத் திறக்க இவ்வளவு நேரம்? ரொம்ப வயசானவரா?"

"இல்லக்கா... கால்ல அடி."

"எந்தக் கால்? வீக்கம் இருக்கா? எக்ஸ்ரே எடுத்தாச்சா?"

மறுநாள் கூரியரில் முழங்கால் பட்டையும் மூன்று களிம்பும் வந்தன. தம்பி ஓடினான் கடைக்கு.

"வேகம் வேணும்."

"பதினாறுக்கு ஒண்ணு போடுங்க. நாலு மடங்கு வேகம். பலம் கால்வாசிதான் இருக்கும், அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

கேட்கக்கூடாதுதான். அன்று சாயங்காலம் கதவு டக்கென்று இரண்டு விரல் அகலம் திறந்து, அங்கேயே நின்று, தள்ள முடியாமல் "ம்ம்ம்ம்" என்று முனகியது.

"என்னடா முனகறார்? வலியா?"

"சளிக்கா. நெஞ்சுல கட்டியிருக்கு."

"கால்ல அடி, நெஞ்சுல சளி, ரெண்டு விரலால கதவைத் திறக்கறார். தம்பி, நீ அவரோட தங்கியிருக்கியா, இல்ல அவருக்கு நர்ஸா இருக்கியா? இதுல நான் நிம்மதியா எப்படிடா போறது?"

மூன்றாம் தடவை கடைக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு, மேல் தட்டிலிருந்து செங்கல் கனத்துக்கு ஒன்றை இறக்கினார். சதுர மோட்டார், இரும்பு கியர். "இது கதவைத் திறக்கும். கதவு இல்லேன்னா சுவரைத் திறக்கும்."

சரியாக ஏழு பத்துக்கு அது கதவை ஓங்கி அறைந்தது. வராந்தாச் சுவரில் கதவு மோத, அலமாரி மேலிருந்த கடிகாரம் விழ, இருட்டுக்குள் ஏதோ தகரம் உருண்டோடியது. அதைத் தொடர்ந்து ஒரு குரல், மெதுவாக:

"சார்... என் பக்கெட்டு..."

துணி எடுக்க வந்த பேக்கரிக்காரர்!

"அவர் குரலா அது?" என்றாள் அக்கா.

"ஆ... ஆமாம்க்கா."

"பக்கெட்டுக்கு என்ன?"

"குளிக்கப் போறார்."

"கதவை உதைச்சுத் திறந்துட்டு, பக்கெட்டை உதைச்சுட்டு, குளிக்கப் போறாரா? குடிப்பாராடா?"

"ஐயோ, இல்லக்கா!"

"இவனை நம்பி உன்னை விட்டுட்டு நான் கடல் தாண்டணுமா? நான் போகல. ஞாயித்துக்கிழமை வந்து நானே அந்த ஆளைப் பாக்கறேன்."

தம்பி கெஞ்சினான், சத்தியம் செய்தான். அவர் ஆபீசில் இன்று யாரோ திட்டிவிட்டார்கள், நாளைக்கே சரியாகிவிடுவார் என்றான். வராத ஒரு மனிதனுக்காக இவ்வளவு பரிந்து பேசுவோம் என்று அவன் நினைத்ததே இல்லை. பேசப் பேச அந்த மனிதன்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது.

கடைசியில் அக்கா இறங்கி வந்தாள். "ரெண்டு வாரம் கதவைப் பாக்கறேன். ஒரு நாள் இந்த மாதிரித் திறந்தாலும் கையெழுத்து கிடையாது."

மறுநாள் அதிகாலையில், நசுங்கிய பக்கெட்டைத் தட்டி நிமிர்த்தி, பக்கத்து அறை வாசலில் வைத்துவிட்டு வந்தான். கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. என்ன விளக்கம் சொல்லுவது? திரும்பிவிட்டான்.

கடைக்காரர் முழுக் கதையையும் கேட்டு, வெகுநேரம் மோவாயைத் தடவினார்.

"கீலுக்கு எண்ணெய் போட்டீங்களா சார்?"

தம்பி செங்கல் மோட்டாரை மேஜைமேல் இறக்கி வைத்தான்.

"மூணு மோட்டார் மாத்தினீங்க. கதவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போட்டீங்களா?"

போடவில்லை. எண்ணெய் போட்டதும் கதவு சிறகுபோல ஆடியது. முதலில் வாங்கிய சின்ன மோட்டாரே போதும் என்று கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார். பட்டையின் நீளத்தை மாற்றிப் பொருத்தினால் வேகமும் கிடைக்கும். "ஆனா ஒண்ணு. உள்ள இருக்கிறது பிளாஸ்டிக் பல்லு. சும்மா சும்மா ஓட்டிப் பாக்காதீங்க. முக்கியமா, கதவை யாரும் கையால இழுக்கக்கூடாது. இழுத்தா பல்லு பொலபொலன்னு கொட்டிடும்."

அதனால் தம்பி அந்தக் கதவைத் தொடுவதையே விட்டான். துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டான். மோட்டார் சத்தம் அக்காவுக்குப் போகாமலிருக்க, வாயோரம் மைக் வைத்த பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் நடப்பது எதுவும் அவனுக்குக் கேட்காது. போன் திரையின் மூலையில், தன் தோளுக்கு மேல், தீப்பெட்டி அளவில் அந்தக் கதவு தெரியும். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஏழு பத்து. கதவு அழகாகத் திறந்தது. ஒரு ஆள் நுழைகிற அகலம். ஒரு நொடி நின்றது. தம்பி லேசாகத் தலையைத் திருப்பி இருட்டைப் பார்த்து, "வாங்க வாங்க" என்றான். கதவு மெல்ல மூடிக்கொண்டது.

அந்த அறையில் அந்த வார்த்தையைக் கடைசியாக எப்போது சொன்னோம் என்று அவனுக்கு நினைவில்லை. போனை வைத்த பிறகு, டீ போடும்போது இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைத்தான்.

செவ்வாய்க்கிழமை கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. புதன்கிழமை கொஞ்சம் குறைவாக. தம்பி கவலையோடு கடைக்குப் போனான்.

"அது கியரோட குணம் சார். பெட்டியில அறுபத்துநாலுன்னு போட்டிருப்பான். உள்ள பல்லை எண்ணிப் பாத்தா அறுபத்துமூணே சொச்சம். நீங்க முழு சுத்துன்னு நினைக்கிறது துளி கூடப் போகும். தினம் துளித்துளியாச் சேரும்."

தம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து சொச்சத்தையெல்லாம் கழித்துக் கணக்கை மாற்றினான். வியாழக்கிழமை அகலம் சரியாக இருந்தது. ஆனால் திறந்தது ஏழு பன்னிரண்டுக்கு. வெள்ளிக்கிழமை ஏழு எட்டுக்கு. இரண்டு நிமிடப் பிசகுக்காகப் பேருந்து ஓட்டுநர்களுக்கு ஓலை அனுப்புகிற அலுவலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு இது எப்படிப் பொறுக்கும்?

"நேரம் தப்பறதுக்கு மோட்டார் காரணமே இல்ல" என்றார் கடைக்காரர். "மோட்டாரை ஓட்டற உங்க போர்டுல இருக்கிற கடிகாரம் மட்டமா இருக்கும். இந்தாங்க, நல்ல கடிகாரச் சில்லு. வருஷத்துக்கு ஒரு நிமிஷம்கூடத் தப்பாது."

புதுச் சில்லைப் போட்டான். மறுநாள் ஏழு பத்து ஆயிற்று. கதவு திறக்கவில்லை.

அக்கா ஏதோ மருந்துக்கடைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு பதிமூன்று. கதையைப் பாதியில் விட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவள் அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். அவன் திரையின் மூலையைப் பார்த்தான். ஏழு பதினாறு.

"வரலையேடா."

"வந்துடுவார்க்கா."

"கால் வேற சரியில்ல அவருக்கு."

"பஸ் லேட்டா இருக்கும்."

தான் வேலை பார்க்கும் அலுவலகத்தைப் பற்றி அவன் வாயாலேயே இப்படிச் சொல்வான் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஏழு பதினெட்டு. மோட்டார் நின்றுவிட்டதோ என்ற பயம்தான் முதலில். பிறகு, எப்போது என்று தெரியாமல், அது வேறு மாதிரியான பயமாக மாறியிருந்தது. மழையில் மாட்டிக்கொண்டிருப்பாரோ? சாலையைக் கடக்கும்போது ஏதாவது? உலகத்தில் இல்லாத ஒருவர் வீட்டுக்கு வரவில்லை என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஏழு இருபத்தொன்றுக்குக் கதவு திறந்தது. மெதுவாக, தாமதத்துக்கு வருந்துவதுபோல.

"வாங்க" என்றான் தம்பி.

அக்கா மூச்சை விட்டாள். "அப்பாடா. டேய், அவர்கிட்டச் சொல்லு. லேட்டாகும்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லணும்னு சொல்லு. வீட்டுல ரெண்டு பேர் காத்திருக்கோம்."

"சொல்றேன்க்கா."

"திட்டாதே. தன்மையாச் சொல்லு."

தம்பி மூடிய கதவின் பக்கம் திரும்பி, "லேட்டாகும்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லச் சொல்றாங்க அக்கா" என்றான், தன்மையாக.

அதன்பிறகு தம்பி எதையும் சரிசெய்யவில்லை. ஏன் என்றால் அக்காவுக்குப் பிடித்திருந்தது. "முதல்ல டாண்ணு ஏழு பத்துக்குத் திறந்தப்போ எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுடா. எந்த மனுஷன் தினம் அப்படி வருவான்? இப்பத்தான் வீட்டுக்கு வர்றவர் மாதிரி வர்றார். பாரு, கதவைத் திறந்துட்டு ஒரு நொடி பிடிச்சுக்கறார். யாருக்கோ வழிவிடற மாதிரி. நல்ல மனுஷன்டா."

அறுபத்துமூணே சொச்சத்துக்கு இவ்வளவு நல்ல குணம் இருக்கும் என்று தம்பி நினைக்கவில்லை. கடைக்குப் போய் நன்றி சொன்னான். கடைக்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. "அந்தச் சில்லு அப்படித் தப்பாதே சார்" என்று வாசல்வரை வந்து முணுமுணுத்தார்.

இரண்டாம் வாரக் கடைசியில், கதவு ஏழு பதினாலுக்குத் திறந்து மூடியபிறகு, அக்கா ஒரு காகிதத்தைத் திரைக்கு நேரே பிடித்தாள். அடியில் அவள் கையெழுத்து.

"போட்டுட்டேன்டா. அடுத்த மாசம் கிளம்பறேன்."

"ரொம்ப சந்தோஷம்க்கா." உண்மையாகவே சந்தோஷம்தான்.

"அவர் இருக்கிற தைரியத்துலதான் போறேன். அங்கேருந்தும் தினம் கூப்பிடுவேன். அந்தக் கதவு திறக்கறதைப் பாத்துட்டுத்தான் படுப்பேன். அவர்கிட்டச் சொல்லு, என் தம்பியை ஒப்படைச்சுட்டுப் போறேன்னு."

"சொல்றேன்க்கா."

திரை இருண்டது. அதில் தம்பியின் முகமும், தோளுக்கு மேலே மூடிய கதவும் மங்கலாகத் தெரிந்தன. ஹெட்ஃபோனைக் கழற்றினான். நினைத்தது நடந்துவிட்டது. அக்கா போகப்போகிறாள். வெகுதூரம் போகப்போகிறாள். ஒப்படைக்கப்பட்ட தம்பி, பொறுப்பேற்றுக்கொண்டவருக்கு எண்ணெய் போடலாம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினான். இன்னும் இரண்டு வருடம் உழைக்கவேண்டிய மோட்டார் ஆயிற்றே.

மூடியைக் கழற்றினான். உள்ளே நாலைந்து வெள்ளைச் சக்கரங்கள். அதில் ஒன்று பாதி மொட்டையாக இருந்தது. உதிர்ந்த பற்கள் ஒரு மூலையில் சர்க்கரைத் துணுக்குபோலக் கிடந்தன. அவற்றின்மேல் நாள்பட்ட தூசி.

சுவிட்சைத் தட்டினான். மோட்டார் கடமையாகச் சுற்றியது. அலுமினியக் கை அசையவே இல்லை. விரலால் தொட்டான். எதையும் பிடித்துக்கொள்ளாமல், காற்றில் தொங்கும் கயிறுபோல அது அங்கும் இங்கும் ஆடியது.

அப்போது பின்கதவை யாரோ தட்டினார்கள். இரண்டு முறை, தன்மையாக.

தம்பி ஸ்டூலிலிருந்து இறங்கிக் கதவைத் தள்ளினான். வராந்தா இருட்டில், புருவத்தில் மாவோடு, நசுங்கிய பக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பேக்கரிக்காரர் நின்றிருந்தார். உள்ளே பார்க்கலாமா கூடாதா என்று தெரியாதவர்போலக் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

"முதல் செவ்வாக்கிழமை துணி எடுக்கிற அவசரத்துல, வழியை மறிச்ச கதவை இழுத்து உங்க மோட்டாரை உடைச்சுட்டேன் சார், நீங்க பேசறதெல்லாம் சுவர் வழியாக் கேக்கும், அதனால அன்னியிலேருந்து நானே திறந்து மூடிட்டிருக்கேன்... லேட்டாகும்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்கல்ல அக்கா, நாளையிலேருந்து எனக்கு ஷிஃப்ட் மாறுது, அவங்களை எட்டரை மணிக்குக் கூப்பிடச் சொல்றீங்களா?"